"ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வருதான்னு பார்க்கிறேன்"

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை, வீடு குடியாத்தத்தில். அப்பா இல்லை, தங்கை காலேஜ் படிக்கிறாள். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், வேலூரில் கீமோ நடக்கிறது. 21 நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் எட்டு, அதில் மூன்று முடிந்துவிட்டது. நல்லபடியாகத்தான் போகிறது என்கிறார் டாக்டர். அம்மாவும் தைரியமாக இருக்கிறார், பிரச்சினை எனக்குத்தான். முதல் கீமோ அன்று ராத்திரி அம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது, ரத்தம் என்று நினைத்து வண்டி பிடித்து வேலூருக்கு ஓடினோம். மருந்தின் நிறம்தான் என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அம்மாவின் மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன். வேலையில் இருக்கும்போது போன் அடித்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஒருநாள் பஸ்ஸில் மாதனூர் தாண்டுவதற்குள் மூச்சே முட்டிவிட்டது. ஈசிஜி எடுத்தேன், நார்மல். ஆம்பளைப் பையன் இப்படிப் பயப்படலாமா? யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: பயப்படலாம் தம்பி. ஆம்பளை, பொம்பளை என்று பார்த்துப் பயம் வருவதில்லை, அம்மா ஒருத்திதானே. யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை.

முதலில் அந்தச் சிவப்பு. டாக்ஸோரூபிசின் என்ற மருந்தாக இருக்கும், பாட்டிலிலேயே செக்கச்செவேலென்றுதான் இருக்கும். ஏற்றின பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் அந்த நிறத்தில் போகும். நர்ஸ் அன்றைக்கே சொல்லியும் இருக்கலாம், ஆனால் முதல் கீமோ அன்று யார் காதில் எது விழுகிறது? இன்னொன்றும் இப்போதே சொல்லி வைக்கிறேன். எட்டு என்றால் பல பேருக்கு நாலு முடிந்ததும் மருந்து மாறும். மாறினால் சிவப்பு நின்றுபோய் வேறு தொல்லை வரலாம், கை கால் மரத்துப் போவது, உடம்பு வலி, இந்த மாதிரி. அடுத்த தடவை போகும்போதே "ஐந்தாவதில் மருந்து மாறுமா, மாறினால் என்ன வரும்?" என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மனசில் வைத்துக்கொண்டு போனால் காலையிலிருந்து காத்திருந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகும். நான் டாக்டர் இல்லை, ஆனால் ஆறு மாதம் அந்த வரிசையில் உட்கார்ந்தவள்.

என் அப்பாவுக்குக் கீமோ நடந்தபோது வேலூர் காந்தி ரோடு பக்கம், வங்காளத்திலும் இந்தியிலும் பலகை தொங்குகிற லாட்ஜ்களுக்கு நடுவில் ஒரு அறை எடுத்திருந்தோம். நானும் உங்களைப் போலத்தான், ராத்திரியில் ரெண்டு மூன்று தடவை எழுந்து கட்டில் பக்கம் போய் நிற்பேன். நான் போகும்போதெல்லாம் அப்பா நல்ல சத்தமாகக் குறட்டை விடுவார். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வந்து படுப்பேன். எல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்துச் சொல்கிறார்: "நீ வந்து நிக்கிறது தெரியும்மா, நீ போய்ப் படுக்கணும்னுதான் குறட்டை விட்டேன்." மனுஷன் தூங்கவே இல்லை! கீமோவோடு கொடுக்கிற டெக்ஸாமெதசோன் மாத்திரைக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற குணம் உண்டு, அது எனக்கு அப்போது தெரியாது. உங்கள் அம்மாவும் கீமோ ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு முழித்துத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். மூக்கருகே கை வைப்பதை விட்டுவிட்டு "தூக்கம் வரலையாம்மா?" என்று கேட்டு லைட்டைப் போடுங்கள், ரெண்டு பேரும் உட்கார்ந்து ஏதாவது பேசுங்கள்.

பயத்தைப் போ என்றால் போகாது, அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். மூச்சு வருதா என்று பார்ப்பது வேலையே இல்லை. கீமோ ஏற்றி ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளையணுக்கள் குறைந்து கிடக்கும், தொற்று வந்தால் வேகமாக முற்றும். அந்த நாட்களைத் தினசரி காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர், நடுக்கம், சோர்வு என்று அம்மா சொன்னால் உடனே பாருங்கள், 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. வட்டம் போட்ட நாட்கள் தாண்டினாலும் காய்ச்சல் வந்தால் இதே கதைதான். அவசரத்துக்கு எந்த நம்பருக்குப் பேசுவது என்று வார்டில் கேட்டு வாங்கி, தங்கை போனிலும் பதிந்து வையுங்கள். கூடவே ஒரு ஏற்பாடு, வேலை நேரத்தில் சும்மா நலம் விசாரிக்க உங்களுக்கு யாரும் போன் செய்யக் கூடாது, மெசேஜ்தான். போன் அடித்தால் அவசரம், அடிக்காவிட்டால் வீட்டில் எல்லாம் சரி.

பஸ்ஸில் மூச்சு முட்டியது பயத்தால் வரும் படபடப்பு போலத்தான் தெரிகிறது. உயிர் போகிற மாதிரி இருக்கும், போகாது, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். ஆனால் மாடி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ அதைப் பயம் என்று தள்ளிவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கூகுள் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள், பார்க்கிறேன் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பார்ப்பீர்கள். அதில் இருக்கிற சதவீதம் எல்லாம் யார் யாருக்கோ வந்த நோயின் கணக்கு, உங்கள் அம்மாவின் ஃபைலைப் பார்த்தவர் அந்த டாக்டர் மட்டும்தான். சொந்தக்காரர்கள் அனுப்புகிற கஷாயம், லேகியம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பணக் கவலையும் இருந்தால், உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் உங்களை நம்பியிருக்கிற அம்மாவுக்கும் அதில் உரிமை உண்டு, கம்பெனியில் கேளுங்கள்.

அப்புறம், ரெண்டு வாரத்துக்கு மேல் இப்படித் தூக்கம் இல்லாமல் போனால் உங்களுக்கும் வைத்தியம் வேண்டும். வேலூர் பக்கத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். லீவு கிடைக்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தங்கையிடமும் சொல்லுங்கள். அவளும் இருட்டில் முழித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள்.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். அவரிடம் "சின்னக் கட்டி" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். அண்ணன் சொல்லவே கூடாது என்கிறான். அப்பா ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்தே நான் அவர் பக்கத்தில் உட்காருவதில்லை. — ஒரு வாசகி, ஆரணி

பதில்: "புற்றுநோய்ப் பிரிவு" என்று பலகை மாட்டிய வாசலில்தானே அப்பாவை உட்கார வைக்கிறீர்கள்? அவருக்குப் படிக்கத் தெரியுமில்லையா? அவர் கேட்காமல் இருப்பதே உங்களுக்காக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. "உடம்பைப் பத்தி டாக்டர் சொன்னதெல்லாம் தெரிஞ்சுக்கணுமாப்பா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். நீங்களே பாருங்கள் என்றால் விட்டுவிடுங்கள். சொல்லு என்றால், அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.