இலவச விஆர் செயலிகளின் நட்சத்திரங்களை நம்பலாமா? – கேள்வி பதில்

லாஸ்பேட்டை ஆசிரியை ஒருவர்: பள்ளிக்கு, போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டி வகை விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடிகள் வாங்கியுள்ளோம். நான்கு நட்சத்திரத்துக்குக் கீழுள்ள செயலிகளை ஒதுக்கிவிடலாமா?

வேண்டாம் அம்மா. முதலில் போனில் கைரோஸ்கோப் இருக்கிறதா என்று பாருங்கள். தலை திரும்புவதை உடனுக்குடன் அளப்பது அந்த உணரிதான். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இல்லாததால், தலையைத் திருப்பினாலும் காட்சி அப்படியே நிற்கும். ஏமாந்தவர் அதைச் செயலியின் குறையாக எண்ணி ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார். நல்ல செயலிகளின் சராசரி இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஒரு நட்சத்திர விமர்சனங்களை மட்டும் பிரித்துப் படியுங்கள். ‘காட்சி நகரவில்லை’ என்பவற்றைத் தள்ளிவிடலாம். ‘திறந்ததும் மூடிக்கொள்கிறது’, ‘நடுவில் விளம்பரம் வந்து மறைக்கிறது’ என்று பலரும் சொன்னால் அந்தச் செயலி வகுப்பறைக்கு ஆகாது.

திருப்பாதிரிப்புலியூர் கல்லூரி மாணவர்: பதிவிறக்கம் அதிகமென்றால் தரமானதுதானே ஐயா?

ப்ளே ஸ்டோர் காட்டும் பதிவிறக்க எண்ணிக்கை கூடுமே தவிர, நிறுவியவர்கள் நீக்கிவிட்டாலும் குறையாது. கூகுள் 2014-இல் ‘கார்டுபோர்டு’ என்ற அட்டைப்பெட்டி விஆர் கண்ணாடியை அறிமுகப்படுத்திய பிறகு வந்த அலையில் பெருகிய பதிவிறக்கங்களை இன்றும் சுமந்து நிற்கும் செயலிகள் உண்டு. அந்நிறுவனமோ 2021-இல் கார்டுபோர்டு விற்பனையையே நிறுத்திவிட்டது. ஆகவே கடைசியாகப் புதுப்பித்த தேதியைக் கட்டாயம் பாருங்கள். நட்சத்திரம் அந்த அளவுக்குப் பழையதன்று: 2019 முதல் அண்மை மதிப்பீடுகளுக்குக் கூடுதல் எடை தரப்படுகிறது, 2021 இறுதியிலிருந்து அந்தந்த நாட்டுப் பயனர்களின் மதிப்பீடே காட்டப்படுகிறது.

நெல்லித்தோப்பு தாய் ஒருவர்: பிரான்சிலிருந்து என் கொழுந்தனார், போன் இல்லாமலே இயங்கும் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் விஆர் ஹெட்செட் கொண்டுவந்தார். மகன் அதில் பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் கொரில்லா டேக் விளையாட்டைக் கேட்கிறான். மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. கொடுக்கலாமா?

குவெஸ்டில் உணரிகள் உள்ளேயே இருப்பதால், போனால் வரும் குளறுபடி அதன் மதிப்பெண்ணில் கலப்பதில்லை. ஆனால் அந்த மதிப்பெண் விளையாட்டு சுவையாக இருக்கிறதா என்பதைத்தான் சொல்லும். முன்பின் அறியாதவர்கள் குரல்வழி பேசும் இடத்தில் உங்கள் பிள்ளை பாதுகாப்பாக இருப்பானா என்பதைச் சொல்லாது. பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு வேண்டும் என்பது மெட்டாவின் விதி. தொடக்க நாட்களில் அவனருகில் இருங்கள். அவன் கேட்பதை நீங்களும் கேளுங்கள். கையை வீசி ஆடும் விளையாட்டு என்பதால் சுற்றிலும் இடம் விடுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்: ரோலர் கோஸ்டர் செயலிக்குச் சிலர் ஐந்தும் சிலர் ஒன்றும் தருவது ஏன்?

கண் ‘ஓடுகிறோம்’ என்கிறது, காதின் சமநிலை உறுப்பு ‘அசையவில்லை’ என்கிறது. இந்த முரண் சிலருக்குக் குமட்டலாகிறது. உங்களுக்கும் அப்படியானால், நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்க்கும் 360 பாகைக் காணொளிகளில் தொடங்குங்கள்.