பிரேசிலில் பேசப்போகும் மேலூர்க்காரர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் மேலூர் பக்கம். கரும்பு ஆராய்ச்சியில் இருக்கிறேன். அடுத்த மாதம் பிரேசிலில் ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். உரை இங்கிலீஷில், ஆரம்பம் மட்டும் போர்ச்சுகீஸில் இருந்தால் நல்லது என்கிறார்கள். அவர்கள் எழுதி அனுப்பிய ஒரு முழுப் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து உருப்போடுகிறேன். கல்லூரியில் பட்டிமன்ற மேடை ஏறியவள்தான். ஆனால் இங்கிலீஷ் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என் உச்சரிப்பைக் கேட்டு என்ன நினைப்பார்களோ?

க., மேலூர்

அன்புள்ள க.,

உங்கள் எதிரே உட்காரப்போகிறவர்களில் அநேகம் பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. உங்களைப் போலவே படித்துக் கற்றவர்கள், அல்லது காதில் கருவி மாட்டி மொழிபெயர்ப்பைக் கேட்பவர்கள். லண்டன் உச்சரிப்பால் அவர்களுக்கு ஒரு உபகாரமும் இல்லை. மதுரை இங்கிலீஷையே நிதானமாக, வாக்கியத்தை விழுங்காமல் பேசுங்கள். கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசிப் பழகியவருக்கு இது வரும்.

அரங்கின் பின்னால் ஒரு கண்ணாடி அறை இருக்கும். உள்ளே மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேர். ஒருவரே தொடர்ந்தால் களைத்துவிடுவார் என்பதால் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். ஒருவர் பேச, மற்றவர் நீங்கள் சொல்லும் எண்களைத் தாளில் குறித்து அவர் பக்கம் நகர்த்துவார். எண்தான் அவர்களுக்குப் பெரும்பாடு. நீங்கள் பாட்டுக்கு கோ 86032 என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போனால், அது ரகத்தின் பெயரா, ஏக்கர் கணக்கா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உரையையும் ஸ்லைடுகளையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். லட்சம், கோடி வேண்டாம். போர்ச்சுகீஸில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. உங்கள் ஸ்லைடில் 1.250 என்று இருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிப்பார்கள். விளைச்சல் கணக்கில் இது விபரீதம்.

சரி, போர்ச்சுகீஸ். ஒரு பக்கத்தை உருப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், செபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்து, மணியடித்து ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் பேச துபாசி, அதாவது மொழிபெயர்ப்பவர், வேண்டியிருந்தது. பின்னால் வந்த போர்ச்சுகீசியரான அண்டிரிக் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றார். அவருடைய தம்பிரான் வணக்கம் என்ற தமிழ்ப் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் அச்சானது. ஒரு மாதத்தில் நீங்கள் அண்டிரிக் ஆக முடியாது. அதனால் நாலைந்து வாக்கியம் போதும், ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்த வாக்கியங்களாக. அவையும் உங்களுடையவையாக இருக்கட்டும். உலகத்தில் அதிகம் கரும்பு விளைவிப்பது அவர்கள், அடுத்து நாம். அங்கே கரும்பு சர்க்கரைக்கும் எத்தனாலுக்கும் போகிறது. பொங்கலுக்கு வாசலில் கட்டி, பல்லால் உரித்துத் தின்ன மேலூரில் செங்கரும்பு போடுகிறோம் என்று சொல்லுங்கள். அதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

தமிழ் எழுத்தை நம்பாதீர்கள். அந்த மொழியின் மூக்கொலிகள் நம் எழுத்தில் அடங்காது. அவர்களில் ஒருவரையே வாக்கியங்களைப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகுங்கள். பிரேசில்காரர் குரலாகவே இருக்கட்டும். போர்ச்சுகல் தலைநகரான லிஸ்பன் பேச்சில் உயிரொலிகள் பாதி மறைந்துபோகும். உங்களுக்கு எழுதி அனுப்பியவர் ஆணாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: நன்றி சொல்லும்போது ஆண் 'ஒப்ரிகாதோ' என்பார், நீங்கள் 'ஒப்ரிகாதா' என்று சொல்ல வேண்டும்.

கடைசிப் போர்ச்சுகீஸ் வாக்கியத்தில், இனி இங்கிலீஷில் பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு மொழி தெரியும் என்று நினைத்துக் கேள்வி நேரத்தில் மடமடவென்று கேட்பார்கள். எப்படியும் சிலர் கேட்கத்தான் செய்வார்கள். கருவியைக் காதில் மாட்டி, மொழிபெயர்ப்பு முடியும்வரை பொறுத்திருந்து பதில் சொல்லுங்கள்.