காணொளியும் கீலாகரும்

கேள்வி: எங்கள் விடுதியின் இணையதளத்தில் யூடியூப் காணொளி ஒன்றை இணைத்துள்ளோம். முன்பதிவுப் படிவத்தில் விருந்தினர் தட்டச்சு செய்வதை அதன் வழியே கீலாகர் (விசையழுத்தங்களை ரகசியமாகப் பதிவுசெய்யும் நிரல் அல்லது கருவி) திருட முடியுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: ஐஃப்ரேமில், அதாவது பிற தளத்தை உங்கள் பக்கத்துக்குள் காட்டும் சட்டகத்தில், இணைத்த காணொளி வேறொரு தளத்திலிருந்து வருவதால், உங்கள் படிவத்தில் தட்டச்சாகும் எழுத்துகளைப் படிக்க உலாவி அதை அனுமதிப்பதில்லை, அதுகுறித்துக் கவலை வேண்டாம். நீங்கள் அஞ்ச வேண்டியது, அரட்டைப் பெட்டி, வருகைக் கணக்கி போன்றவற்றுக்காகப் பிறர் தரும் ஸ்கிரிப்ட் (உலாவியில் இயங்கும் சிறு நிரல்) வரியைத்தான். அது உங்கள் பக்கத்தின் முழு உரிமையோடு இயங்குவதால், ஒவ்வொரு விசையழுத்தத்தையும் வெளியே அனுப்ப அதனால் இயலும். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்கள் களவுபோனது, மாற்றியமைக்கப்பட்ட ஸ்கிரிப்ட் ஒன்றினால்தான். தேவையற்ற ஸ்கிரிப்டுகளை இன்றே நீக்குங்கள். தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கடைவீதி இணைய மையங்களில் ஒருபோதும் இடாதீர்கள். அங்கே விசைப்பலகைக் கம்பிக்கும் கணினிக்கும் நடுவே செருகப்படும் சிறு கீலாகர் கருவி, வைரஸ் தடுப்பு மென்பொருளின் பார்வையில் பெரும்பாலும் படுவதே இல்லை.