நீருக்கடியில் படம்: விலை குறைந்த உறை போதுமா?

கச்சான் வீசத் தொடங்கி, திருகோணமலைக் கடல் தெளிந்துவிட்டது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போனுக்கும் கமராவுக்கும் போடும் நீர்புகா உறை பற்றியவை.

புறாமலைத் தீவில் முருகைக்கல் (பவளப்பாறை) படம் எடுக்க ஆசை. சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கும் பிளாஸ்ரிக் உறையை நம்பலாமா? (நிலாவெளி வாசகி)

நம்பலாம், சோதித்த பிறகு. புறாமலையில் முருகைக்கல்லின் நல்ல பகுதி ஆழமில்லாத நீரிலேயே இருக்கிறது. மேலே மிதந்தபடியே படம் எடுக்கலாம். 10 மீற்றர் ஆழத்தில் நீரழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்காகும். 2 மீற்றரில் ஐந்திலொரு பங்குதான் கூடும். ஆகவே 10 மீற்றர் என்று குறித்த உறையை 2 மீற்றருக்குள் வைத்திருந்தால் போதிய இடைவெளி உண்டு. ஆனால் அந்தக் குறிப்பு அசையாத நீருக்கும் புது உறைக்கும் உரியது. கமராவைப் பிடித்தபடி படகிலிருந்து குதித்தால், அந்த அடி வேறு. மெல்ல இறங்குங்கள்.

சோதனை இப்படி: கமரா இல்லாமல், உறைக்குள் காய்ந்த ரிஷூத் தாளும் பாரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள். பூட்டி, ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். தாளில் ஈரப்புள்ளி ஒன்று தெரிந்தாலும் அந்த உறை கடலுக்கு வேண்டாம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் இதைச் செய்யுங்கள். பூட்டுமுன் வாய்ப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல் பருக்கை போதும், நீர் வழி கண்டுவிடும். கரைக்கு வந்ததும் பூட்டியபடியே நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்த பிறகே திறவுங்கள்.

நீருக்குள் போன் திரை தொட்டால் வேலை செய்யவில்லையே?

செய்யாது. நீரும் மின்னைக் கடத்துவதால் விரல் எது, நீர் எது என்று திரைக்குத் தெரியாது. ஒலி கூட்டும் பொத்தானால் படம் எடுக்கும்படி முன்பே அமைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் எல்லாம் நீலமாக வருகின்றன. நடுவில் புகை மூட்டம் வேறு. (கிண்ணியா)

மூட்டத்துக்குக் காரணம் உறைக்குள் அடைபட்ட ஈரக்காற்று. வெயிலில் சூடான உறை கடலில் இறங்கியதும் குளிர்கிறது, உள்ளே ஆவி படிகிறது. காலையிலேயே வீட்டுக்குள், குளிரூட்டிய அறை இருந்தால் அங்கே பூட்டுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். படகில் நிழலில் வையுங்கள்.

நீலத்துக்குக் காரணம் கடல். நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். 5 மீற்றருக்குள் பெரும்பகுதி போய்விடும். உங்களுக்கும் மீனுக்கும் நடுவே உள்ள நீரும் அதையே செய்யும். அதனால் சூம் செய்யாமல் கை எட்டும் தூரத்துக்கு நெருங்குங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள்; மிதக்கும் துகள்கள்தான் வெள்ளை வெள்ளையாக விழும். வெயில் உள்ள நேரத்தில் சூரியனை முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெருங்கும்போது காலை ஊன்றாதீர்கள். 2003 முதல் புறாமலை தேசியப் பூங்கா. ஒரு துடுப்புக்கால் முறிக்கும் முருகைக்கல் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும். எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

கோணேசர் மலையடியில் கடலுக்குள் கிடக்கும் கோயில் இடிபாடுகளை இந்த உறையோடு எடுக்கலாமா?

வேண்டாம். 1956இல் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே இறங்கியது பழகிய சுழியோடிகளாக, சுவாசக் கருவியோடு. செங்குத்துப் பாறையில் அலை அடித்துத் திரும்பும் இடம் அது. உறையை விடுங்கள், ஆளுக்கே ஆபத்து.

சூம் நீளும் கமராவுக்குத் தட்டையான உறை சரிவருமா?

வராது. லென்ஸ் நீள இடமில்லாமல் சிக்கிப் பழுதாகும். குழல் வைத்த உறை வாங்குங்கள்.

உப்புத் தண்ணீர் போனுக்குள் போய்விட்டது. அரிசிக்குள் வைத்திருக்கிறேன். (மூதூர்)

உடனே வெளியே எடுங்கள். ஈரம் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, செம்பு இணைப்புகளை அரிக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருமுறை கூடப் போடாதீர்கள், சார்ஜும் வேண்டாம். பற்றரி கழலுமானால் கழற்றுங்கள். அது சூடானால் அல்லது வீங்கினால் வீட்டுக்கு வெளியே வையுங்கள். இன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய், கடல் தண்ணீர் என்று சொல்லிக் கொடுங்கள். நனைந்தது என்று மட்டும் சொன்னால் காயவைத்துத் தந்துவிடுவார். உள்ளே கழுவ வேண்டும்.