ஒரே ஒரு தடவை ஓட வேண்டிய வேலைக்குக் கிரான் எதற்கு?

கேள்வி: இன்று இரவு 2 மணிக்கு ஒரு பேக்கப் ஓட வேண்டும், ஒரே ஒரு முறை. லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் பட்டியலான கிரான்டேபில் எழுதிவிட்டுக் காலையில் அழித்துவிடலாமா?

பதில்: அழித்துவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் ஒரு டிசம்பரில் தேதி போட்டு எழுதி, அப்படியே மறந்தேன். கிரானில் வருடத்துக்கு இடமே கிடையாது. அடுத்த டிசம்பரில் அதே நாள் அது சமர்த்தாக எழுந்து, நல்ல பேக்கப் மேல் குப்பையை எழுதிவைத்தது. இதற்கு சிஸ்டம்டி-ரன் போதும்; லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியிடம் ஒரு வேலையைத் தற்காலிகமாக ஒப்படைக்கும் கட்டளை அது. ஆன்-காலண்டர் ஆப்ஷனில் வருடம், மாதம், நாள், நேரம் எல்லாவற்றையும் கொடுங்கள். வெறும் 02:00 என்று கொடுத்தால் தினமும் ஓடும். முழுத் தேதி கொடுத்தால் ஓடி முடித்ததும் டைமர் தானே காணாமல் போகும்.

கேள்வி: நடுவில் சர்வர் ரீபூட் ஆனால்?

பதில்: போச்சு. அந்த யூனிட் (வேலைக்காக சிஸ்டம்டி வைத்துக்கொள்ளும் குறிப்பு) '/ரன்' அடைவில், அதாவது மெமரியில்தான் இருக்கிறது. ரீபூட்டைத் தாண்ட வேண்டும் என்றால் பழைய 'அட்' கட்டளை. அது வேலையை டிஸ்க்கில் எழுதிவைக்கும். பட்டியலுக்கு அட்க்யூ, நீக்க அட்ஆர்எம்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடுகிற ஸ்கிரிப்ட், சிஸ்டம்டி-ரன்னில் ஃபைல் இல்லை என்கிறதே அண்ணா?

பதில்: அதை ஓட்டுவது நீங்கள் கட்டளை தட்டும் ஷெல் இல்லை தம்பி, சிஸ்டம்டி. ரூட் அடைவில் நின்றுகொண்டு உங்கள் ஃபைலைத் தேடுகிறது. நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த சூழல் மாறிகளும் அதற்குத் தெரியாது. அடைவுக்கு சேம்-டிர், மாறிகளுக்கு செட்என்வ் ஆப்ஷன்களைப் பாருங்கள். பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பது) வேண்டுமானால் முழுக் கட்டளையையும் எஸ்ஹெச் மைனஸ் சி-க்குள் போட்டுக் கொடுங்கள். அட் இந்த விஷயத்தில் தங்கம்: இருக்கும் அடைவையும் சூழலையும் சேர்த்தே பதிவு செய்துகொள்ளும்.

கேள்வி: ஆன்-ஆக்டிவ் ஆப்ஷனில் (இப்போதிலிருந்து இவ்வளவு நேரம் கழித்து ஓட்ட) 30 விநாடி கொடுத்தேன், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

பதில்: டைமர் எவ்வளவு தாமதிக்கலாம் என்று சொல்லும் அக்யூரசிசெக் இயல்பாக 1 நிமிடம். டைமர்-பிராப்பர்ட்டி ஆப்ஷனில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூசர் ஆப்ஷனோடு (ரூட் இல்லாமல் என் கணக்கில்) போட்ட டைமர் லாகவுட் செய்ததும் நின்றுவிடுகிறது.

பதில்: லாகின்சிடிஎல் கட்டளை வழியாக, லாகவுட்டுக்குப் பிறகும் உங்கள் வேலைகளை ஓடவிடும் லிங்கரை எனேபிள் செய்யுங்கள்.

கேள்வி: நீங்கள் எதற்கு இதை அதிகம் பயன்படுத்துகிறீர்கள் சார்?

பதில்: தூரத்தில் இருக்கும் சர்வரில் ஃபயர்வால் மாற்றும்போது. ஒரு விதி தப்பினால், தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் கதவு சாத்திக்கொள்ளும், அப்புறம் டேட்டா சென்டருக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். அதனால் முதலில் ஃபயர்வால் கட்டளையான என்எஃப்டியில் இப்போதுள்ள விதிகளை ஒரு ஃபைலில் எடுத்துவைப்பேன். அதன் தலையில் 'ஃப்ளஷ் ரூல்செட்' என்று ஒரு வரி சேர்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் பழைய விதிகள் புதியவற்றை அகற்றாமல் அவற்றோடு போய்ச் சேரும். அப்புறம் 'ரோல்பேக்' என்று யூனிட் பெயர் கொடுத்து, 10 நிமிடத்தில் அந்த ஃபைலை ஏற்றும்படி ஆன்-ஆக்டிவ் டைமர். அதற்குப் பிறகுதான் புது விதிகளில் கை வைப்பேன். சோதிக்கும்போது, திறந்திருக்கும் ஜன்னலை நம்பாதீர்கள். பழைய இணைப்பு உயிரோடு இருந்தும் புது இணைப்பு மறுக்கப்படலாம். இன்னொரு டெர்மினலில் புதிதாக லாகின் செய்து பாருங்கள். உள்ளே போக முடிந்தால், சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் போட்டு ரோல்பேக் டைமரை நிறுத்துங்கள். இதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போய், திரும்பி வந்து 'என் விதிகள் எங்கே?' என்று இரண்டு முறை தேடியிருக்கிறேன்.