ஆளுக்கு மாதம் 100 டாலர்: நமீபியச் சபைகள் கேட்ட அடிப்படை வருமானம் (கேள்வி பதில்)

நமீபியாவில் கிறிஸ்தவச் சபைகள் முன்னின்று நடத்திய அடிப்படை வருமானச் சோதனையைப் (நிபந்தனை இல்லாமல் எல்லாருக்கும் மாதாமாதம் பணம்) பற்றி நான் பல வருடமாகப் படித்து வருகிறேன். அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அங்கே என்னதான் நடந்தது?

தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. போனால் ஒட்ஜிவேரோ. பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வந்து ஒண்டிய குடியிருப்பு. அங்கே 60 வயதுக்குட்பட்ட சுமார் 930 பேருக்கு 2008 ஜனவரி முதல் 2009 டிசம்பர் வரை ஆளுக்கு மாதம் 100 நமீபிய டாலர் கொடுத்தார்கள். 60 தாண்டியவர்களுக்கு அரசு ஓய்வூதியம் ஏற்கெனவே உண்டு. பிள்ளைகளின் பங்கு பெரும்பாலும் அம்மா கையில். வேலை தேடினாயா, என்ன வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. பணம் முழுக்க நன்கொடை.

சபைக்கு எதற்கு இந்த வேலை? ஆராதனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

அந்த நாட்டுச் சபைக்கு அப்படி நிறுத்திப் பழக்கமில்லை. 1971-லேயே லுத்தரன் சபைத் தலைவர்கள், அப்போது நமீபியாவை ஆண்ட தென்னாப்பிரிக்காவின் பிரதமருக்கே பகிரங்கக் கடிதம் எழுதியவர்கள். யோசனையும் சபையுடையது இல்லை. 2002-ல் அரசே அமைத்த வரிக் குழு சொன்னது. அரசு அதைக் கிடப்பில் போட்டதும் சபைகளின் மன்றம், தொழிற்சங்கங்கள், எய்ட்ஸ் அமைப்புகள் எல்லாம் கூட்டணி சேர்ந்தன. முன்னால் நின்றவர் லுத்தரன் பேராயர் செஃபானியா கமீட்டா.

"ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்கிறாரே பைபிளில் பவுல். அதற்கு என்ன சொல்வீர்கள், ஐயா?

எல்லாரும் நீட்டும் வசனம். "மனதில்லாதிருந்தால்" என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஒட்ஜிவேரோவில் மனதுக்குக் குறைச்சல் இல்லை, கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கமீட்டா, பைபிளில் கடவுள் வானத்திலிருந்து தந்த உணவான மன்னாவைக் காட்டினார்: வனாந்தரத்தில் அதைச் சாப்பிட்ட ஜனங்கள் படுத்துவிடவில்லை, நடக்கத் தெம்பு பெற்றார்கள். என்னைக் கேட்டால் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமைதான் இன்னும் பொருத்தம். நாள் முழுக்க உழைத்தவனுக்கும் கடைசி மணிநேரம் வந்தவனுக்கும் அதே ஒரு பணம் கூலி. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதையும் பாருங்கள்: எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. அப்புறம், கணக்கும் இருக்கிறது. ஒட்ஜிவேரோவில் ஏதாவது தொழில் செய்து சம்பாதித்தவர்கள் 44 விழுக்காட்டிலிருந்து 55 ஆனார்கள். ரொட்டி சுட்டார்கள், செங்கல் அறுத்தார்கள், துணி தைத்தார்கள். வாங்க அக்கம்பக்கத்தில் காசு இருந்ததால்தானே இதெல்லாம் விலை போனது?

குடித்தே தீர்த்திருப்பார்களே?

ஊர்க்காரர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. தாங்களே தேர்ந்தெடுத்த 18 பேர் குழு மூலம் சாராயக் கடைக்காரர்களிடம் பேசி, பணம் வரும் நாளில் விற்காமல் இருக்கச் சம்மதிக்க வைத்தார்கள்.

முடிவுகளை நம்பலாமா?

பாதி நம்பலாம் என்பேன். எடை குறைந்த குழந்தைகள் ஆறே மாதத்தில் 42-லிருந்து 17 விழுக்காடானதாக அறிக்கை சொல்கிறது. ஆனால் பணம் கொடுக்காத இன்னொரு ஊரை வைத்து ஒப்பிடவில்லை. ஆய்வு செய்தவர்களும் திட்டத்தை ஆதரித்தவர்களே. அதனால் பெரிய விழுக்காடுகளைவிடச் சின்னக் கணக்குதான் எனக்குப் பிடிக்கும். மருத்துவமனைக்கு ஒருமுறை போனால் 4 டாலர் கட்டணம். முன்பு அந்த நாலு டாலருக்கே வழியில்லை. திட்டம் வந்தபின் மருத்துவமனையின் மாத வசூல் 250-லிருந்து சுமார் 1,300 ஆனது.

இன்னொன்று. செய்தி கேட்டு உறவுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பணம் கிடையாது, ஆனால் அதே சட்டியில்தான் சாப்பிட்டார்கள். வந்த பணத்தை வீட்டிலுள்ள எல்லாருக்கும் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 89 டாலராக இருந்தது 67 ஆக இறங்கியது. ஒரே ஊருக்கு மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பணக்காரனுக்கும் ஏன் கொடுக்க வேண்டும்?

கொடுத்துவிட்டு வரியில் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் திட்டம். அப்படிப் போட்ட கணக்கில் நாடு முழுவதுக்கும் ஆகும் நிகரச் செலவு மொத்த உற்பத்தியில் 2.2 முதல் 3 விழுக்காடு. ஏழை யார் என்று சலித்துப் பார்க்கும் வேலையும் அதில் பிழைக்கும் தரகும் மிச்சம்.

இப்போது நாடு முழுக்கக் கிடைக்கிறதா?

இல்லை. சோதனை முடிந்தபின் ஒட்ஜிவேரோவுக்கு நன்கொடை இருந்தவரை கொஞ்ச காலம் 80 டாலர் வந்தது. 2015-ல் கமீட்டாவையே வறுமை ஒழிப்பு அமைச்சராக்கினார்கள். மறுவருடம் அவர் துறை தொடங்கியது உணவு வங்கி. வீட்டுக்கு வந்தது உணவுப் பொட்டலம், காசு இல்லை.