பழைய ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) ஒன்றை மீட்டெடுக்க விரும்புகிறேன், எதிலிருந்து தொடங்குவது?

எஞ்சினிலிருந்து தொடங்குங்கள், அதிலும் முதலில் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களைக் கவனியுங்கள். நான் எடுத்துக்கொண்டது 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஸ்கீ-டூ ஒலிம்பிக் என்ற மாடல். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், வால்கோர் என்ற ஊரில், ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கீ-டூவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். என் வண்டி அந்த வழியில் வந்தது, ஆஸ்திரியத் தயாரிப்பான ரோடாக்ஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்தப்பட்டது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் ஆயிலும் காற்றும் சேர்ந்த கலவை கிராங்க் அறையின் வழியாகவே சிலிண்டருக்குச் செல்கிறது. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகிப்போயிருப்பதால், அவற்றின் ஓரமாகக் கூடுதல் காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். அப்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், அத்தகைய எஞ்சின் கயிற்றை இழுத்தவுடன் கிளம்பிச் சிறிது நேரம் நன்றாகவே ஓடவும் கூடும். எனவே "ஓடுகிறது" என்று விற்பவர் சொல்வதை நான் ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இதைச் சோதிப்பது எளிது. காற்று நுழையும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டு, கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவில் அழுத்தம் கொடுத்து, அழுத்தமானியின் முள் சில நிமிடங்கள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தடவுங்கள். கசியும் இடத்தில் குமிழி எழும். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள சீலைப் பார்க்க ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கு உரிய புல்லரையே (இழுத்துக் கழற்றும் கருவி) பயன்படுத்துங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். அதைக் கழற்றிய கையோடு, தீப்பொறிக்கான மின் தொடுமுனைகளான பாயிண்டுகளையும் சுத்தம் செய்து, இடைவெளியைக் கையேட்டின்படி சரிசெய்துவிடலாம்.

அடுத்தது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். அக்கால வண்டிகள் பலவற்றில் இருக்கும் டில்லட்சன் கார்புரேட்டரின் டயாஃப்ரம் மெல்லிய சவ்வு போன்றது. அது விறைத்துப்போயிருந்தால் பெட்ரோல் ஏறாது. பழுதுநீக்கும் தொகுப்பை வாங்கி அதை மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் இத்தகைய பழைய ரப்பர் பாகங்களுக்கு ஒத்துவராது என்பதால், எத்தனால் இல்லாதது கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

வண்டியைப் பனியில் நகர்த்தும் ரப்பர் பட்டையான டிராக் மட்டும் விதிவிலக்கு, அதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சீல்களும் டயாஃப்ரங்களும் சிறு செலவில் முடிந்துவிடும், ஆனால் ரப்பர் ஆழமாக வெடித்து உள்நூல் தெரியும் டிராக்குக்கு மாற்று தேடுவது வண்டியின் விலையையே விழுங்கக்கூடும். பெயின்ட், இருக்கையுறை, ஸ்டிக்கர் ஆகியவற்றில்தான் பெரும்பாலோர் ஆசையோடு முதலில் கை வைக்கிறார்கள்; எஞ்சின் அழுத்தச் சோதனையில் தேறும் வரை அவை காத்திருக்கட்டும்.